அடுத்த ஆள்: பக்கம் 84

மார்ச் 7, சனி

மழை. தெரு ஓரம் ஒதுக்கிய பனி கறுத்துப்போய்க் கிடக்கிறது. தமிழ்ப் பள்ளி இன்று இல்லை.

வேலை: மின்புத்தக ரீடரை மறுபடி ஓட வைப்பது.

நவம்பருக்குப் பிறகு அதைத் தொடவில்லை. மேசை இழுப்பறையில் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. போன வாரம் சார்ஜ் போட்டதும் தானாக அப்டேட் ஆகி, மாமா போட்டுத் தந்த வாசிப்பு மென்பொருளைக் காணோம். கம்பெனி கொடுத்த பழைய மென்பொருள்தான் இருக்கிறது. அதில் தமிழ் எழுத்து உடைந்துவிடும். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். அதனால்தானே மாமா வேறு மென்பொருள் போட்டார்.

நல்லவேளை, கோப்புகள் அழியவில்லை. அதைத் தொடங்கி வைக்க மாமா எழுதிய குட்டி ப்ரோக்ராம், அந்த ஸ்கிரிப்டும் இருக்கிறது. முப்பது வரி. மேலே மாமா எழுதிய குறிப்பு: "யாழி, இதைத் தொடாதே. தொட்டே ஆகவேண்டுமென்றால் முதலில் ஒரு காப்பி எடு."

காப்பி எடுத்தேன். பிறகு தொட்டேன். ஃபோல்டர் இடம் மாறியிருந்ததால் ஒரு வரியைத் திருத்தினேன். ஓடவில்லை. "காணவில்லை" என்கிறது. கோப்பு கண்ணெதிரில் இருக்கிறது, காணவில்லை என்கிறது. மதியம் முழுக்க இதே.

கடைசியில் தெரிந்தது. என் லேப்டாப்பில் திருத்திச் சேமித்தபோது ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. நமக்குத் தெரியாது, ரீடருக்குத் தெரியும். எல்லாவற்றையும் நீக்கினேன். ஓடியது.

திரை ஒருமுறை கறுத்து வெளுத்தது. பிறகு அந்தப் பழைய வரி.

அடுத்த ஆள்: பக்கம் 84. போகலாமா?

மாமா கடைசியாக மூடிய பக்கம். நான் 79. "வேண்டாம்" அழுத்தினேன்.  

மார்ச் 8, ஞாயிறு

கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கும் நாள். எல்லோருக்கும் தூக்கக் கலக்கம். பிரிட்ஜ்வாட்டர் கோவிலுக்குப் போயும் உள்ளே போகவில்லை. ஒரு வருஷம் கூடாதாம். கேன்டீனில் மட்டும் புளியோதரை.

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

ஒரே மாதிரி ரீடர் இரண்டு வாங்கினார் சங்கர் மாமா, அம்மாவின் தம்பி. ஒன்று எனக்கு, ஒன்று ஹூஸ்டனில் அவருக்கு. ஒரே நாவல் இரண்டிலும். மில் ஊர் ஒன்றில் நடக்கும் பெரிய குடும்பக் கதை, அறுநூறு பக்கத்துக்கு மேல். திறக்கும்போது ஸ்கிரிப்ட் அவருடைய சின்ன சர்வரிலிருந்து மற்றவரின் பக்க எண்ணைக் கொண்டு வரும். மூடும்போது நம் எண்ணை அனுப்பும். ஒரே ஸ்கிரிப்டை இரண்டிலும் போட்டதால் பெயர் கிடையாது. "அடுத்த ஆள்" மட்டும்தான். ஞாயிறு மாலை போனில், படித்ததைப் பற்றிப் பேசுவோம். அவர் எப்போதும் நாலைந்து பக்கம் முன்னால். நடந்தாலும் அப்படித்தான். கடை பார்க்கிங்கில்கூட நாலடி முன்னால் போய்த் திரும்பி நிற்பார்.

நவம்பரில் போய்விட்டார். மாரடைப்பு. நாற்பத்தொரு வயது.

இன்று மாலை திறந்தேன்.

அடுத்த ஆள்: பக்கம் 85. போகலாமா?

மார்ச் 10, செவ்வாய்

வேதியியல் டெஸ்ட் சுமார். 

86.

அப்பா வேலை முடிந்து ஷூ கழற்றும்போது கேட்டேன். "அப்பா, ஒருத்தர் எழுதின ப்ரோக்ராம், அவர் இல்லைன்னாலும் தானா ஓடுமா?"

"எங்க பார்சிப்பனி ஆபீஸ்ல ஒண்ணு ஓடுது. எழுதினவன் போயிப் பத்து வருஷமாச்சு. யாரும் கிட்டப் போறதில்லை."

"ஏன்?"

"பயம்தான்." சிரித்தார். "எதுக்குக் கேக்கறீங்க, புலவரே?"

"ஸ்கூலுக்கு."

ப்ரோக்ராம் ஓடலாம். ஆனால் பக்கம் தானாகத் திரும்பாது. யாராவது தொட்டுத் திருப்பி மூடினால்தான் எண் போகும். ஸ்கிரிப்டை நான்கு முறை படித்துவிட்டேன்.

அந்த வீட்டில் இருப்பது மாலதி அத்தை மட்டும். அத்தை நாக்பூரில் வளர்ந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. "உங்க அத்தைக்குத் தமிழ் எழுத்தெல்லாம் ஜிலேபி" என்பார் மாமா. கல்யாணப் பத்திரிகை வந்தால் மாமாதான் படித்துச் சொல்லவேண்டும்.

அத்தையிடமே கேட்கலாம். ஆனால் கேட்க முடியாது. அவரிடம் யாரும் மாமா பேச்சை எடுக்கக் கூடாது. கருமாதி முடிந்த அன்றைக்கே பெரியவர்கள் பேசி வைத்த ஏற்பாடு. எடுத்தால் உடைந்துபோவாராம். நாலு மாதமாக அம்மா தினமும் போன் செய்கிறாள். பேசுவது இவ்வளவுதான்: சாப்பிட்டியா, என்ன சமையல், தூங்கினியா, அங்க மழையா.

மார்ச் 13, வெள்ளி

நம்பவில்லை. எழுதி வைக்கிறேன்: நம்பவில்லை.

ஆனால் ஸ்கூலிலிருந்து வந்ததும் திறந்து வேகமாகப் படித்தேன். 84ஐத் தாண்டும்போது ஏதோ வாசற்படி தாண்டுகிற மாதிரி இருந்தது. 112 வரை போய் மூடினேன். முதல் முறையாக நான் முன்னால். வருகிறாரா பார்க்கலாம்.

"வருகிறாரா" என்றுதான் கை எழுதுகிறது. அடிக்கவில்லை.

மார்ச் 14, சனி

தமிழ்ப் பள்ளியில் திருக்குறள் ஒப்பித்தல். நடுவில் மறந்துபோய் நின்றேன். டீச்சர் ஆன்ட்டி எடுத்துக் கொடுத்தார்.

மாலை நாலு மணி. நல்ல வெயில்.

அடுத்த ஆள்: பக்கம் 112. போகலாமா?

வந்துவிட்டார்.

ரீடரைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கீழே போய் அம்மாவுக்குக் கீரை ஆய்ந்தேன். கேட்காமலே உதவுகிறேன் என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மார்ச் 15, ஞாயிறு

87.

திரும்பிப் போயிருக்கிறார். ஒரே பக்கம் நகர்ந்திருக்கிறார். மாமா ஒரு மூச்சில் முப்பது பக்கம் படிப்பவர். இது யாரோ களைத்துப்போனவர் படிக்கிற மாதிரி. அல்லது இருட்டில் படிக்கிற மாதிரி.

மாமா, அங்கே வெளிச்சம் இல்லையா?

மேலே உள்ளதை அடிக்கலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

மார்ச் 17, செவ்வாய்

தெரிந்துவிட்டது.

அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். போன் ஸ்பீக்கரில், மிக்ஸி பக்கத்தில். நான் சட்னிக்குத் தேங்காய் கீறிக்கொண்டிருந்தேன். அத்தையின் குரல்.

"வீட்டு லீஸ் ரின்யூ பண்ணிட்டேன், அண்ணி."

"என்ன கண்ணு இப்படிப் பண்ணிட்ட. மே மாசம் இங்க வந்துடறேன்னுதான பேச்சு. அங்க தனியா என்ன பண்ணப் போற?"

"தனியா இல்லைங்க."

அம்மா தோசைக்கரண்டியோடு நின்றாள்.

"அவர் இன்னும் படிச்சிட்டிருக்கார், அண்ணி. அவரோட ரீடர்ல தெரியுது. நான் இப்பதான் எழுத்துக் கூட்டிப் படிக்கறேன். மூணு மாசம் வெறும் எழுத்து. இந்த மாசம்தான் அவர் விட்ட பக்கத்துக்கு வந்தேன். ஒரு பக்கத்துக்கு ரெண்டு மூணு நாள் ஆகுது. அதுக்குள்ள அவர் நூத்திப் பன்னெண்டுக்குப் போயிட்டார். நானும் பட்டனை அமுக்கிப் போய்ப் பார்த்தேன், ஒண்ணும் புரியலை, திரும்பி வந்துட்டேன். எப்பவும் இப்படித்தான, முன்னாடி போய் நின்னுக்குவார்."

"மாலதி..."

"இந்த வீட்டு வைஃபைலதான் வருது. வேற வீட்டுக்குப் போனா வராம போயிடுச்சுன்னா?"

தோசை தீய்ந்தது. அம்மா அடுப்பை அணைத்தாள். "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்டாள்.

போனை வைத்த பிறகு சிங்க் பக்கம் திரும்பி அழுதாள். "மனசு ஏதோ ஆகிப்போச்சு அவளுக்கு. டாக்டர்கிட்டக் காட்டணும்."

இல்லை அம்மா. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த எண் உண்மையாகவே வந்தது. அனுப்பியது நான். என்னிடம் இன்னொரு ரீடர் இருப்பது அத்தைக்குத் தெரியாது. மாமாவும் நானும் ஏதோ புத்தகம் பேசுகிறோம் என்றுதான் அவருக்குத் தெரியும்.

நான் அவரை மாமா என்று நினைத்தேன். அவர் என்னை மாமா என்று நினைக்கிறார். நடுவில் மாமா இல்லை.

மார்ச் 18, புதன்

முடிவு. அத்தையிடம் சொல்ல வேண்டாம். சும்மா நிறுத்திவிடலாம்.

ஸ்கிரிப்டில் ஒரு வரிக்கு முன்னால் # போட்டால் அந்த வரி அங்கேயே இருக்கும், ஆனால் நடக்காது. எண்ணை அனுப்பும் வரிக்கு முன்னால் போட்டேன். இனி நான் எத்தனை பக்கம் போனாலும் யாருக்கும் தெரியாது. மெல்ல மறந்துவிடுவார். மே மாதம் வருவார். கீழ் அறையைத் தரலாம்.

புத்திசாலித்தனமாகத்தான் தோன்றுகிறது.

மார்ச் 21, சனி

குளிர் திரும்பிவிட்டது. பள்ளி வாசலில் பூக்க வந்த மரமெல்லாம் திகைத்து நிற்கிறது.

காலையிலிருந்து வீட்டில் போன். அத்தை மூன்று நாளாக வேலைக்குப் போகவில்லை. பக்கத்து அபார்ட்மென்ட் ஆன்ட்டி இட்லி கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்கிறாராம், சாப்பிடுவதில்லையாம்.

அப்பா டிக்கெட் பார்க்கிறார். அம்மா சொன்னது மாடிப்படியில் நின்ற எனக்குக் கேட்டது.

"என்னமோ நூத்திப் பன்னெண்டுலயே நின்னுட்டாராம். ஒரு வாரமா நகரலையாம். 'இப்பதான் நிஜமா போயிட்டார் அண்ணி'ங்கறா. நான் என்னன்னு பதில் சொல்றது?"

"நீ ஏதாவது பேசு. சாப்பாட்டைப் பத்திப் பேசு," என்றார் அப்பா.

# ஒரே ஒரு குறி.

மார்ச் 22, ஞாயிறு

மாலை ஐந்து. மாமாவுடன் பேசுகிற நேரம். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் போனை எடுத்து நானே கூப்பிட்டேன்.

"அத்தை, யாழினி பேசறேன்."

"சொல்லு கண்ணு. சாப்பிட்டியா?"

"அத்தை, மாமா..."

அம்மா திரும்பினாள். கையை வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினாள். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க வராது.

"மாமா ரெண்டு ரீடர் வாங்கினார். இன்னொண்ணு எங்கிட்ட இருக்கு. உங்களுக்கு வர்ற நம்பர் நான் படிக்கறது. நூத்திப் பன்னெண்டு நான்தான். நின்னதும் நான்தான். நிறுத்திட்டேன். சாரி அத்தை."

 அங்கே பிரிட்ஜ் ஓடும் சத்தம் மட்டும்.

"நீயா," என்றார்.

"நானும் உங்களை மாமான்னுதான் நினைச்சேன். எண்பத்தஞ்சு வந்தப்ப."

"சரி கண்ணு. வச்சுடறேன்."

அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "யாரு உன்னைப் பேசச் சொன்னது? இருந்த ஒண்ணையும் புடுங்கிட்டியே." பிறகு மடித்த துணி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தே கேட்டாள். "அவன் கடைசியா எங்க வரைக்கும் படிச்சான்?"

84 என்றேன். காட்டச் சொன்னாள். காட்டினேன். அம்மா அந்தப் பக்கம் முழுவதையும் படித்தாள். கதை தெரியாமலே.

#ஐ எடுத்துவிட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

89. அசையவில்லை.

மார்ச் 26, வியாழன்

89. நானும் திறந்து மூடுவதோடு சரி. நான் நகர்ந்தால் ஏதோ தவறு மாதிரி. அப்பா டிக்கெட் வாங்கிவிட்டார். சனிக்கிழமை அம்மா ஹூஸ்டன் போகிறாள்.

மார்ச் 27, வெள்ளி

ஸ்கூல் பஸ்ஸில் இருந்தபோது போன். என் போனுக்கே. அத்தை இதுவரை என் போனுக்குக் கூப்பிட்டதில்லை.

"யாழி, இந்தப் பொன்னம்மாள்ங்கறது யாரு?"

"எந்தப் பொன்னம்மாள்?"

"கதைல. எண்பத்தொம்பதுல வர்றா. வீட்ல இருக்கா, ஆனா யாருமே அவகிட்டச் சரியா பேச மாட்டேங்கறாங்க. சாப்பிட்டியா சாப்பிட்டியாங்கறாங்க. எனக்கு முன்னாடி கதை தெரியாதே. என்ன தப்புப் பண்ணினா?"

"ஒரு தப்பும் பண்ணலை அத்தை."

முதல் பக்கத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். என் ஸ்டாப் தாண்டிப் போய்விட்டது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, சொல்லிக்கொண்டே நடந்தேன். மாமா எங்கே சிரித்தார், எந்த இடத்தில் "இது எங்க தாத்தா மாதிரியே இருக்கு" என்றார், எல்லாம். மாமா மாமா என்று அவ்வளவு தடவை சொன்னேன். அத்தை உடையவில்லை. மூக்கு உறிஞ்சினார். நடுவில் ஒருமுறை சிரிக்கவும் செய்தார்.

வீட்டு வாசலில் கேட்டேன். "நான் படிக்கறதை நிறுத்திடட்டுமா அத்தை? உங்களுக்குக் கஷ்டமா இருந்தா?"

"வேண்டாம். முன்னாடி ஆள் இல்லாம எனக்குப் பழக்கமில்லை." என்றார். "ஆனா நூத்திப் பன்னெண்டெல்லாம் வேண்டாம். என்னால வர முடியாது. ஒரு மூணு பக்கம்."

"அது நான்தான்னு தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான். சில நாள் மறந்துடுவேன். மறந்தா விட்டுடு."

மார்ச் 28, சனி

அம்மாவை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்தோம். பெட்டியில் பருப்புப் பொடி, எள்ளுப் பொடி. போகும் வழியெல்லாம் மாமா சின்ன வயதில் கிணற்றில் விழுந்த கதையைச் சொன்னாள். நான் இதுவரை கேட்டதில்லை. அப்பாவும் கேட்டதில்லையாம்.

வெயில் வந்திருக்கிறது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து திறந்தேன்.

அடுத்த ஆள்: பக்கம் 90. போகலாமா?

112லிருந்து ஒவ்வொரு பக்கமாகப் பின்னால் வந்தேன். 93. மூடினேன்.

நிற்கிறேன்.