திறக்காத அறைக்கு வந்த மானியம்

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மாவும் நானும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் நன்றாக இருக்கிறீர்கள் என்று, போன வாரம் நீ அனுப்பிய படத்தில் உன் கன்னத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டோம். பிரசவத்துக்கு அம்மா மட்டும்தான் வருகிறாள். நான் வரவில்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் உளறிக்கொட்டுவேன், அதனால்தான் கடிதம். கோபப்படாமல் கடைசிவரை படி.

நான் வேன் ஓட்டுகிற மையம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். பெரியவர்கள் கையில் சீரழிந்த குழந்தைகள் வரும் இடம். போலீசிடம் ஒரு தடவை, டாக்டரிடம் ஒரு தடவை, வக்கீலிடம் ஒரு தடவை என்று நடந்ததைச் சொல்லிச் சொல்லி ஒரு குழந்தை நொந்துபோகக் கூடாது. ஒரே அறையில், அதற்கென்று பயிற்சி பெற்ற ஒரே அக்காவிடம், ஒரே தடவை சொன்னால் போதும், மற்றவர்கள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கேட்டுக்கொள்வார்கள். எல்லாமே அரசு மானியத்தில்தான் ஓடுகிறது. மானியக் காலம் முடிகிறது, புதுப்பிப்பதற்கு முன் ஆய்வுக்கு ஆள் வருவார் என்று எங்கள் பெரிய மேடம் இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த ஆய்வாளர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து நின்றார். மேடம் கோர்ட்டில். தாழ்வாரத்தில் நான் மட்டும். உள்ளே ஏழு வயதுக் குழந்தை ஒன்று. அதற்கு முன் மூன்று தடவை கூட்டிவந்திருக்கிறேன், வேனிலும் சரி அறையிலும் சரி, வாயே திறக்கவில்லை. அன்றைக்குத்தான் பேச ஆரம்பித்திருந்தது. உள்ளே பேச்சு நடக்கிறது, யாரும் வரக் கூடாது என்று கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அந்த அறையைப் பார்க்க வேண்டும் என்றார். குழந்தை பேசிக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் உட்காருங்கள் என்றேன். “ரெண்டு நிமிஷ வேலைங்க, எட்டிப் பாத்துட்டுப் போயிடறேன். பாக்காம பாத்தேன்னு நான் எழுத முடியாது” என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. “ஐயா, இப்ப கதவு தெறந்தா அது வாய மூடிக்கும். அப்புறம் எப்பத் தெறக்குமோ தெரியாது” என்றேன். நீங்கள் யார் என்று கேட்டார். டிரைவர் என்றேன். “டிரைவரா என்னைத் தடுக்கறது?” என்று கைப்பிடியில் கை வைத்தார். என்ன துணிச்சலோ, அவர் கைமேல் நான் என் கையை வைத்து அழுத்திவிட்டேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டியபோது ஒரு அதிகாரியை எதிர்த்துப் பேசினது கிடையாது என்று உன் அம்மா இன்னமும் கிண்டல் செய்கிறாளே, அந்த ஆள்தான் நான். என்னால் எல்லார் பிழைப்பும் போகப்போகிறது என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து உள்ளே குழந்தை கொஞ்சம் சத்தமாகப் பேசியது. எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது. என்ன விழுந்தது என்று உனக்கும் எழுத மாட்டேன், அது அந்தக் குழந்தையுடையது. என் கைக்குக் கீழே அவர் கை தளர்ந்தது. போய் பெஞ்சில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. முக்கால் மணி நேரம் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, விளக்கு அணைவதற்கு முன்பே எழுந்து போய்விட்டார்.

அறை பார்க்கப்படவில்லை என்று அறிக்கை போனது. மானியக் கோப்பு அப்படியே நின்றுவிட்டது. ஐந்து வாரம் யாருக்கும் சம்பளம் இல்லை. குழந்தைகளிடம் பேசுகிற அந்த அக்காவை வேறு ஊரில் வேலைக்குக் கூப்பிட்டார்கள், போகலாமா வேண்டாமா என்று தவித்தாள். என்னை எடுத்துவிட்டுச் சமாதானமாகப் போங்கள் என்று மேடத்திடம் சொன்னேன். “பேசாம வண்டியக் கழுவுங்க” என்று சிடுசிடுத்தார். கடைசியில் மேடத்தையும் என்னையும் துறை அலுவலகத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். டிரைவர் கையைப் பிடித்தது உண்மையா என்று ஆய்வாளரைக் கேட்டார்கள். உண்மைதான் என்றார். பிறகு அவராகவே சொன்னார்: “அவர் பிடிக்கலேன்னா நான் கதவத் தெறந்திருப்பேன். எனக்கும் ஒரு பொண்ணு இருக்குங்க. அந்த இடம் எப்படி நடக்குதுன்னு அறையப் பாக்காமலே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.” என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மானியம் வந்துவிட்டது. மூன்று வருஷத்துக்குக் கேட்டோம், ஒரு வருஷத்துக்குத்தான் கொடுத்தார்கள். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். அக்கா போகவில்லை. ஆனால் இரண்டாவது டிரைவர் வேலையை வெட்டிவிட்டார்கள். அந்தக் குழந்தையின் வழக்கு, டாக்டர் உனக்குக் குறித்த அதே பதினான்காம் தேதி வருகிறது. வாடகை வண்டி வைத்துக்கொள்ளலாம் என்று மேடம் சொன்னார். தெரியாத ஆள் ஓட்டும் வண்டியில் அது ஏறாது. வேன் தாத்தா வந்தால்தான் வருவேன் என்று சொல்லியிருக்கிறது. உன் பிள்ளை கூப்பிடுவதற்கு முன்னாலேயே இன்னொரு பிள்ளை என்னைத் தாத்தா ஆக்கிவிட்டது. அதை விட்டுவிட்டு வந்தால், உன் பிள்ளையைத் தூக்கும்போது என் கை கூசும். இது உனக்குப் புரியும் என்று நம்புகிறேன். புரியாவிட்டால் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

ஈர மாடிப்படியில் இறங்காதே. குளிக்கும்போது கதவை உள்ளே தாழ் போடாதே. அம்மாவின் மூட்டுவலி மாத்திரை அவள் கைப்பையில் இருக்கும், கேட்டால் விழுங்கியாயிற்று என்று பொய் சொல்வாள், எண்ணிப் பார். தாயும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீடு வாழ வேண்டும். பதினான்காம் தேதி காலை பத்திலிருந்து நான் கோர்ட்டுக்குள் இருப்பேன், போன் அணைந்திருக்கும். பயப்படாதே. வெளியே வந்து அந்தக் குழந்தையை வீட்டில் இறக்கிவிட்டதும் முதல் வேலையாக உன்னைத்தான் கூப்பிடுவேன்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அப்பா