மகாராணி நின்ற இடங்கள்

அக்டோபர் 23, புதன்

விடிந்ததிலிருந்து மழை. மகாராணி தெங்கேராக் கடைத்தெருவில் நின்றுவிட்டாள்.

பிற்காலச் சரித்திர ஆசிரியர்களுக்காகக் குறித்து வைக்கிறேன்: மகாராணி என்பது என் கார். சண்டைக்கு முன்பே பிறந்தவள். ஜப்பான்காரன் ஊரிலுள்ள காரையெல்லாம் பிடுங்கிக்கொண்டு போனபோது கோழிக்கூண்டுக்குள், தென்னை ஓலைக்கடியில் தவம் இருந்தவள். ஒரு சாம்ராஜ்யமே வந்து தேடியும் அகப்படாதவள். இன்று அரிசிக்கடை வாசலில், நாய்கூட ஒதுங்கிப் போகும்படி நின்றாள்.

கோளாறு இப்படி: கிளம்பும்போது புலி. கொஞ்ச தூரம் போனதும் இழுவை குறைகிறது. மிதித்தால் மூச்சு வாங்கல். பிறகு இரண்டு இருமல். பிறகு மௌன விரதம். காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறாள். மறுபடி அதே கதை.

பின்சீட்டில் அக்கா, மடியில் கல்யாணப் புடவைகள். கூரை ஒழுகல் வேறு. அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் வந்து நின்றது நீலக் கார்.

"என்ன மச்சான், கடல் காத்து வாங்குறீங்களா?"

சிவலிங்கம். அத்தானின் தம்பி. கம்பெனி கிராணி, அதாவது குமாஸ்தா. மெர்டேக்கா ஆனதும் அவனுடைய துரை சீமைக்குக் கப்பலேறினார், கார் இவன் கைக்கு வந்தது. நாடு விடுதலை அடைந்ததே இவனுக்குக் கார் கிடைக்கத்தானோ என்று எனக்குச் சந்தேகம். ஆகாய நீலமாம். எனக்குத் தெரிந்து அது விஷ நீலம்.

அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புடவைகளோடு அந்தக் காருக்கு மாறிவிட்டாள். "நல்ல வேளை, தம்பி வந்தீங்க." கதவு சாத்தும் சத்தம் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல். என் கதவைச் சாத்தினால் எங்கள் பேட்டை காஜா பேராங் முழுக்கக் குழந்தைகள் எழுந்துவிடும்.

சாயங்காலம் அக்கா வீட்டில் தீர்ப்பு. ஞாயிற்றுக்கிழமை ராஜிக்குக் கல்யாணம். அக்காவின் ஒரே பெண். எங்கள் குடும்பத்தில் பெண்ணை வீட்டிலிருந்து கோவிலுக்கு அழைத்துப் போவது தாய்மாமன். கோவில் செங் பக்கம், மாப்பிள்ளை ஊரில். வழியெல்லாம் ரப்பர் மரம். நின்றால் குரங்குதான் தள்ள வேண்டும்.

"கோவிந்தா, ராஜி சிவலிங்கம் காடியில போவட்டும்டா. நீயும் முன்னால ஏறிக்க."

"நல்லா ஓடிக்கிட்டிருந்த காடிக்கா. அவன் கண்ணு பட்டுத்தான் நிக்குது!"

வீடு நிறையச் சொந்தம். உரக்கத்தான் சொன்னேன். சிவலிங்கம் தேத்தண்ணி குடித்துக்கொண்டு அங்கேயேதான் இருந்தான். சிரித்தான். நல்ல பல்வரிசை. அதுவும் எரிச்சல்.

சனிக்கிழமை வரை தவணை கொடுத்தாள் அக்கா.

அக். 24, வியாழன்

தூறல். சீன மெக்கானிக் ஆ லிம் பட்டறை.

பிளக்: கழற்றித் துடைத்தாயிற்று.
பாயிண்ட்: உரசி வைத்தாயிற்று.
கார்புரேட்டர்: பிரித்து ஊதினான், தூசு இல்லை.
பெட்ரோல் பம்ப்: நன்றாகத்தான் அடிக்கிறதாம்.
பெட்ரோல்: பாதித் தாங்கி இருக்கிறது. அதில் ஒன்றும் நான் கஞ்சன் இல்லை.

பிரிக்கும்போது ஒன்று கவனித்தான்: நின்ற கையோடு பார்த்தால் கார்புரேட்டர் கிண்ணம் காலி. தாங்கியில் பெட்ரோல் உண்டு, பம்ப் உண்டு, வந்து சேரவில்லை. ஏன்? தலையைச் சொறிந்தான். நானும் சொறிந்தேன். "இனி ஓக்கே லா, மாமா" என்று அனுப்பினான்.

கம்போங் செட்டி முனையில் நின்றாள். பூப்பறித்துக்கொண்டிருந்த, மலாயிலேயே பேசும் செட்டி வீட்டு அம்மாள், "மத்தி லாகி, மாமா?" என்றாள். மறுபடி செத்துவிட்டதா என்று கேட்கிறாள். துக்கம் விசாரிக்கிற குரல்.

ஆ லிம் வந்து பார்த்துவிட்டு, "ஜுவால் லா" என்றான். விற்றுவிடணுமாம். உன் பட்டறையை விற்றுவிடு என்றேன்.

அக். 25, வெள்ளி

வெயில். மகாராணிக்குச் சந்தனம் சாத்தும் நாள். ஆயுத பூஜையன்று சிவலிங்கம் அவன் காருக்கு மூன்று விரல் இழுத்தான். நான் ஐந்து விரல், நாலு பக்கமும். அன்றிலிருந்து வெள்ளிதோறும் ஒரு பூச்சு. பின்பக்கம் பெட்ரோல் மூடிக்கு மட்டும் இரட்டைப் பூச்சு. சாப்பிடுகிற வாயில்தானே கண் படும்.

மத்தியானம் ராஜி வளையல் கடைக்குப் போய் வந்தாள். நீலக் காரில். சிரித்துக்கொண்டே இறங்கினாள். என் காரில் ஏறும்போது சாமி கும்பிட்டுக்கொண்டு ஏறுகிற பெண்!

சாப்பாடு இறங்கவில்லை. சிவலிங்கத்தின் டயர் நாலும் ஒரே நேரத்தில் காற்றுப் போவதாகக் கற்பனை செய்த பிறகு கொஞ்சம் இறங்கியது.

அக். 26, சனி

மேகம், மழை இல்லை. தனியாக செங் சாலையில் வெள்ளோட்டம்.

ரப்பர் காட்டு நடுவில் நின்றாள். பெட்ரோல் உண்மையிலேயே இருக்கிறதா என்று குச்சி விட்டுப் பார்க்க மூடியைத் திருகினேன். ஸ்ஸ்ஸ்! நாகம் சீறியதுபோல் உள்ளே காற்று இழுத்தது. மூடிவிட்டு, முன்னால் ஸ்டார்ட் கைப்பிடியைச் சுற்றினால் உடனே உயிர் வந்துவிட்டது.

மறுபடி நின்றபோது மூடியைத் தொடவில்லை. தோள் கழலுமட்டும் சுற்றினேன். ஊகூம். மூடியைத் திறந்தேன். ஸ்ஸ்ஸ். ஓடினாள்.

அடுத்து மூடியையே கழற்றிவிட்டு, வாயில் துணியைத் தளர்வாகச் செருகி ஓட்டினேன். மேட்டில் யானைபோல் ஏறினாள். இமயமலையைக் காட்டியிருந்தால் அதிலும் ஏறியிருப்பாள்.

நிறுத்தி, மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அதில் ஊசி நுழையுமளவு ஓட்டை ஒன்று உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியாகத்தான் காற்று உள்ளே போகணும். போகாவிட்டால் தாங்கி பெட்ரோலை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஓட்டையைக் காணோம். மேலே கல்லாக இறுகிக் கிடந்தது சந்தனம். வாராவாரம், பக்தியோடு, என் மகாராணியின் மூக்கை நானே பொத்தியிருக்கிறேன்.

சுரண்டி, குத்தி, ஊதினேன். வீடு வரை ஒரு இருமல் இல்லை.

யாருக்கும் சொல்வதில்லை என்றுதான் போனேன். "சரியாயிடுச்சிக்கா" என்றேன்.

"வியாழக்கெழமயும் சரியாயிடுச்சின்னுதான் சொன்ன. என்னா கோளாறுன்னு சொல்லு. தெரியாம பொண்ண ஏத்த மாட்டேன்."

சிவலிங்கம் பீசாங் கோரெங் தின்றுகொண்டு நின்றான். மற்ற எல்லோரும் நின்றார்கள். பிள்ளையாரே, இப்படியா?

"சந்தனம்" என்றேன்.

"என்னா சந்தனம்?"

சொன்னேன். முழுக்கச் சொன்னேன்.

சிவலிங்கத்துக்கு வாழைப்பழ பஜ்ஜி புரையேறியது. "அப்ப எங்கண்ணு இல்லியா, மச்சான்?" அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர். உள்ளேயிருந்து மருதாணிக் கையோடு ராஜி வந்தாள்.

"மாமா, நாளைக்கி எனக்குச் சந்தனம் நீங்க வைக்காதீங்க. மூச்சு நின்னுடும்."

வீடே அதிர்ந்தது. தரை பிளந்து என்னை விழுங்கும் என்று காத்திருந்தேன். பிளக்கவில்லை.

"ஆனா ஒங்க காடியிலதான் வருவேன்" என்றாள்.

அக். 27, ஞாயிறு

நல்ல வெயில். ஒரு மேகம் இல்லை.

போனோம். பின்னால் ராஜியும் அக்காவும், முன்னால் நான் ஒருவனே. ரப்பர் மரங்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று சலாம் போட்டன. நீலக் கார் எங்கள் புகையைக் குடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தது. கோவில் வாசலில் நிறுத்தினேன். மேளம் கேட்டது. ராஜி உடனே இறங்கவில்லை. என் தோளில் கை வைத்து, "மாமா" என்றாள். பிறகு இறங்கிவிட்டாள்.

தாலி ஏறியது. சாப்பாட்டில் அப்பளம் நமுத்திருந்தது.

பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அழைத்துப் போகும் நேரம். மாப்பிள்ளை தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். மெலிந்த ஆள். நீலக் காரை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே மகாராணியிடம் வந்து பானெட்டைத் தடவினான்.

"மாமா, சாவி குடுங்க. ராஜியை நானே ஓட்டிக்கிட்டுப் போறேன். சாயந்தரம் கொண்டாந்து விடுறேன்."

இதுவரை என்னைத் தவிர அவளை எவனும் ஓட்டியதில்லை. ஜப்பான்காரன்கூட. ராஜி என்னைப் பார்த்தாள். கொடுத்தேன்.

ராஜி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாமி கும்பிடவில்லை.

சிவலிங்கம் வந்து அருகில் நின்றான். "நல்லா ஓட்டுறாரு, இல்ல மச்சான்?" பாவம் சிவலிங்கம். நல்லவன். அவன்மேல் இன்று எனக்கு ஒன்றுமே இல்லை.

வளைவு வரை பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு இருமல் வரும், கூப்பிடுவார்கள் என்று. இருமவில்லை.