வெள்ளிக்கிழமை கேப்டன்

786

திருவொற்றியூர்
12-6-1954

அன்பு மகள் ஜஹானாராவுக்கு அத்தா அமீருதீனின் துஆ சலாம். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அம்மாவும் இங்கே சுகம், பினாங்கில் நீயும் மாப்பிள்ளை ரஷீதும் குறைவில்லாமல் இருக்க ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, தைலம் தேய்த்துக்கொள் என்றால் என் மேல் எரிந்து விழுகிறாள். எண்ணூர் இறால் வாங்கி வந்தால் மட்டும் உன் பேரைச் சொல்லிக் கண்ணைத் துடைக்காமல் சட்டியை இறக்குவதில்லை.

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிறது. பதில் தாமதமானதற்கு நான்தான் காரணம், தபால்காரனைத் திட்டாதே. உன் பாலர் வகுப்பில் சீனப் பிள்ளை, மலாய்ப் பிள்ளை, வெள்ளைக்காரப் பிள்ளை, நம் பிள்ளை எல்லாம் ஒரே பாயில் உட்காருவதையும், திங்கள் களிமண், செவ்வாய் இலை பொறுக்கிப் பிரிப்பது, புதன் டப்பாவில் தண்ணீர் அளப்பது, வியாழன் அவரவர் வீட்டுப் பாட்டு, வெள்ளி கடை வைத்து விளையாட்டு என்று வாரம் முழுக்க நடப்பதையும் எழுதியிருந்தாயே, அதை அம்மாவுக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன். இன்னா இது, நம்ம வூட்ல இவ ஆடின ஆட்டத்துக்கு அங்க கூப்டு சம்பளம் குடுக்கிறானா என்று சிரித்தாள். கடைசியில் நீ கேட்டிருந்ததை மட்டும் படிக்கவில்லை. இதெல்லாம் நான் தங்கபுஷ்பம் டீச்சரிடம் கற்றது, அவர் எந்தக் கப்பலில் எந்த ஊருக்குப் போனார், ஹார்பரில் வேலை பார்த்த உங்களுக்குத் தெரியாமலா இருக்கும், விலாசம் கிடைத்தால் ஒரு கடிதம் போடுவேன் என்று கேட்டிருந்தாய். அந்த இடம் வந்ததும் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன்.

நாம் ராயபுரத்தில் இருந்தபோது உனக்கு ஐந்து வயது. கல்மண்டபம் பக்கம் டீச்சர் தன் வீட்டு முன்கூடத்தில் வகுப்பு நடத்தினார். கப்பலைத் துறைக்குள் ஓட்டி வரும் பைலட் துரையின் மகள், சீனப் பல் வைத்தியரின் பையன், பர்மாவிலிருந்து வந்த தேக்கு வியாபாரியின் பிள்ளைகள், நடுவில், கப்பலில் இறங்கும் மூட்டையை எண்ணிக் குறிக்கிற டாலி கிளார்க் மகள் நீ. சாயங்காலம் என் தோளில் ஏறிக்கொண்டு அன்றைக்குச் செய்ததெல்லாம் ஒப்பிப்பாய். ஒரு வாரம் முற்றத்தில் துறைமுகம் கட்டினீர்கள், தொட்டித் தண்ணீர் கடல், பிஸ்கட் டின் கப்பல், செங்கல் அடுக்கினது சரக்கு இறக்கும் மேடை. கிரேன் எப்படிக் கத்தும் அத்தா என்று நீ கேட்க, நான் நடுத்தெருவில் கத்திக் காட்ட, எதிர்வீட்டு நாய் குரைக்க, அடடா, அது ஒரு காலம் மகளே. நீ அங்கே போய்வந்த அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இப்போதும் தோள் கனக்கிறது.

அந்தத் துறைமுக வாரத்து வியாழக்கிழமை நீ மறந்துவிட்டுப் போன சோற்று டப்பாவைக் கொடுக்க வந்தேன். அன்று காலையில்தான் ஒரு துரை கூலிக்காரர்கள் முன்னால் என்னைக் கழுதை என்று ஏசியிருந்தான். வந்து பார்த்தால் பைலட் துரையின் மகள் காகிதத் தொப்பி போட்டு நாற்காலியில் கேப்டனாக உட்கார்ந்திருக்கிறாள், நீ தலையில் சும்மாடு வைத்து மணல் கூடை சுமக்கிறாய். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. நான் படுவது போதாதா, என் மகளுமா என்று உன்னை அப்படியே தூக்கிக்கொண்டு நடந்தேன். நாளைக்கு நான் அத்தா, நாளைக்கு நான் என்று நீ வழியெல்லாம் கதறினாய், என்னவென்றுகூட நான் கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் டீச்சர் வீடு தேடி வந்தார். கையில் ஒரு காகிதத் தொப்பி. தினம் ஒரு பிள்ளைக்கு முறை மாறும், புதன்கிழமை கூடை தூக்கினவள் அந்த வெள்ளைக்காரப் பெண்தான், இன்றைக்கு ஜஹானாரா கேப்டன், தொப்பியை அவளே ஒட்டினாள் என்றார். நீ உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாய். தப்பு என்னுடையதென்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. ஆனால் பாழாய்ப்போன ரோஷம், திங்கட்கிழமை அனுப்புகிறேன் என்று தொப்பியை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். நீ நச்சரிக்கவும், டீச்சர் கப்பலேறிப் போய்விட்டார் என்றேன். தெருவில் அவரைப் பார்த்துவிடப் போகிறாயே என்றுதான் அந்த மாதமே திருவொற்றியூருக்கு வீடு மாற்றினேன், காற்றோட்டத்துக்காக இல்லை. இங்கே கரையில் நின்று போகிற கப்பலுக்கெல்லாம் நீ கை காட்டினாய். இதுவா அத்தா, இதுவா என்று கேட்டுக் கேட்டு, ஒரு நாள் ஆமாம் இதுதான் என்றுகூடச் சொல்லித் தொலைத்தேன். அது தூரத்தில் மறைகிற வரைக்கும் நீ கையை இறக்கவில்லை.

நான் சோறு இறங்காமல் கிடப்பதைப் பார்த்து அம்மா கடிதத்தைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டாள். நான் அன்னிக்கே சொல்லல, கொயந்த கிட்ட போய் பொய் சொல்லிகினு கீறியேன்னு, போய் அந்தம்மா மூஞ்சியப் பாத்துட்டு வா என்று விரட்டினாள். போன ஞாயிறு ராயபுரம் போனேன். டீச்சருக்குத் தலை நரைத்துவிட்டது, கண்ணாடி போட்டிருக்கிறார், வகுப்பு இன்னும் நடக்கிறது. உன் கடிதத்தை நின்றபடியே வாசித்தார். மவுண்ட் ரோடு தாண்டினதே அபூர்வம், என்னைக் கப்பல்ல ஏத்திட்டீகளே என்று சிரித்தார், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நான் தலை நிமிரவில்லை. பிறகு, அந்தத் தொப்பி இருக்கா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அனுப்பிருங்க, அவ முறை இன்னும் பாக்கி இருக்குல்ல என்றார்.

இதோடு மடித்து வைத்திருக்கிறேன். ஓரத்தைப் பூச்சி அரித்துவிட்டது, பசை விட்டுப்போச்சு, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிக்கொள். உன் வகுப்பு வாசலில் எவனாவது ஒரு தகப்பன் முறைத்துக்கொண்டு நின்றால் அவனோடு வாதாடாதே, ஒரு முக்காலி போட்டு உட்காரவைத்து, மறுநாளும் வந்து பார்க்கச் சொல். என்னை ஏசி எழுது, எவ்வளவு வேண்டுமானாலும் எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே தங்கமே. மழையில் நனையாதே, தண்ணீரைக் காய்ச்சிக் குடி. மாப்பிள்ளைக்கு என் சலாம். உங்கள் இருவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக, ஆமீன்.

இங்ஙனம்,
உனக்குத் தப்புச் செய்த அத்தா,
அமீருதீன்

நீ கேட்ட விலாசம்: தங்கபுஷ்பம் டீச்சர், கல்மண்டபம் அருகில், ராயபுரம், மெட்ராஸ். அதே பழைய வீடுதான்.