மேட்டுக் காணி

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து மழை. வாசிகசாலைக் கூரை மறுபடி ஒழுகுகிறது. பத்திரிகை மேசையை இழுத்துச் சுவரோரம் போட்டேன். வாசிக்க வந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்.

மத்தியானம் பிரதேச சபைக் கந்தோரிலிருந்து ஒரு தீர்மானத்தை அனுப்பியிருந்தார்கள். சிங்களத்தில் இருந்ததைத் தமிழில் எழுதித் தரவேண்டுமாம். அதற்கென்று சபையில் ஆள் இல்லை. வாசிகசாலைப் பிள்ளை இருக்கிறேனே.

பஸ் தரிப்பிடத்துக்கு மேலே, பழைய மருந்துச்சாலை இருந்த மேட்டுக் காணி. போன சபை அதை முதியோர் நிலையத்துக்கென்று ஒதுக்கி வைத்தது. ரஜனி டீச்சரின் முதியோர் சங்கத்துக்கு முப்பது வருடக் குத்தகைக்குத் தருவதாகப் பேச்சு. இப்போது அது வரப்போகும் ஹோட்டலுக்கு வாகனத் தரிப்பிடமாம். சங்கத்துக்கு அதற்குப் பதிலாக ஆற்றோரப் பள்ளக் காணி.

பதிலாக! அந்தச் சொல்லில் பேனை நின்றுவிட்டது.

எங்கள் பஜாரில் தட்டையாக இருக்கும் ஒரே நிலம் அந்த மேடுதான். பஸ்ஸில் இறங்கினால் எதிரே. கிளினிக்குக்கு வரும் தோட்டத்து வயசாளிகள் திரும்பிப் போகும் பஸ் வரும்வரை கடைத் தாழ்வாரங்களில் நிற்கிறார்கள். சாமான் எடுக்க வருகிறவர்களுக்கு இடைஞ்சல் என்று கடைக்காரர்கள் விரட்டுகிறார்கள். அம்மாவும் அப்படித்தான் நிற்கிறாள். தேயிலைக் கொழுந்து மூட்டையோடு மலை ஏறி இறங்கிய முழங்கால்கள் இரண்டும் போய்விட்டன. வேலையிலிருந்து நின்றபிறகு பகலெல்லாம் தோட்டத்து வரிசை வீட்டில், எங்கள் லயத்துக் காம்பராவில் தனியாக இருந்து, நான் வரும்வரை கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். டீச்சர் கட்ட நினைப்பது பெரிய மாளிகை இல்லை. உட்கார ஓர் இடம், ஒரு கழிவறை, சூடாகத் தேத்தண்ணி, கிழமைக்கு ஒருநாள் வரும் தாதி. அவ்வளவே.

சபைத் தலைவர் கணேசமூர்த்தி தேர்தலுக்கு எங்கள் லயத்துக்கு வந்தபோது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மேட்டைப் பற்றிப் பேசினார். நான் பக்கத்தில் நின்றேன்.

ஜூலை 19, சனி

எழுதினால்தான் ஆறும் போலிருக்கிறது.

முதியோருக்கென்று ஒதுக்கிய காணி என்பதால் அவர்களுடைய சம்மதத்தை வெளிப்படையாகக் கேட்க வேண்டும் என்பது விதி. அதற்காக இன்று சபை மண்டபத்தில் கூட்டம். செயலாளர் சிங்களத்தில் வாசிக்க, நான் தமிழில் வாசிக்க வேண்டும். சம்மதம் உள்ளவர்கள் எழும்புங்கள், இல்லாதவர்கள் இருந்த இடத்திலேயே இருங்கள்.

லயத்தில் எல்லாரும் முன்பே பேசி வைத்திருந்தோம். வாயைத் திறக்கவே தேவையில்லை, உட்கார்ந்திருந்தால் போதும். இராமையா மாமா, ஃபெக்டரியில் வேலை செய்து ஓய்ந்தவர், "ஒக்காந்து கெடக்கறதுதானே? ரிட்டயர் ஆனதுல இருந்து அதத்தான செய்யிறோம்" என்றார்.

வாசித்தேன். மண்டபத்தில் ஒருவரும் அசையவில்லை. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது, சந்தோசத்தில்.

அப்போது வாசலில் பெரிய துரை. தோட்ட முகாமையாளர். தலைவர் விருந்தினராக அழைத்திருக்கிறார். மழைக்கோட்டை உதறிக்கொண்டு உள்ளே வந்தார்.

மண்டபமே எழுந்து நின்றது.

தோளில் கிடந்த துண்டுகள் இறங்கின. குடைகள் கக்கத்துக்குப் போயின. அம்மா, முழங்காலைப் பிடித்துக்கொண்டு அத்தனை சிரமப்படும் என் அம்மா, எல்லாருக்கும் முதலில் எழுந்தாள்.

தலைவர் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். முகத்தில் தேர்தலுக்கு வந்தபோது இருந்த அதே சிரிப்பு. "ஆக, எல்லாருக்கும் சம்மதம்" என்றார். செயலாளர் குனிந்து எழுதிக்கொண்டார்.

அவர்கள் அதற்கு எழும்பவில்லை என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. தலைவருக்குக் கேட்டது.

"நீ வாசிக்க வந்த புள்ள. வாசிச்சிட்ட."

ஜூலை 20, ஞாயிறு

அம்மாவோடு சண்டை.

"ஏம்மா எந்திரிச்ச?"

"தொர வந்தாரு."

"அது தோட்டமில்லம்மா. சபை."

"தொர எங்க வந்தாலும் தொரதான்."

ரொட்டியைப் புரட்டிப் போட்டாள். பிறகு சட்டியைப் பார்த்தே சொன்னாள்: "பெரட்டுல ஒக்காந்து பாரு. அன்னைக்குப் பேரு கெடைக்குமா?"

காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிப்பது பெரட்டு. அன்றைய வேலைக்குச் சேர்த்துக்கொள்வது பேர். பதினைந்து வயதிலிருந்து ஒவ்வொரு விடியலும் எழுந்து நின்றே பேர் வாங்கியவள். எனக்குத் தெரியாததா? தோட்டத் தொழிலாளர் வரலாறு என்று வாசிகசாலையில் இருக்கும் எல்லாவற்றையும் வாசித்திருக்கிறேன். அடக்குமுறை, பணிவு, பழக்கம். அச்சில் பார்க்கும்போது எவ்வளவு தெளிவாகப் புரிந்தது! அதே பழக்கம் அம்மாவின் முழங்காலுக்குள் இருந்து எழும்பினால் கத்தத்தான் தெரிகிறது.

"ஒனக்குத்தான் இப்ப பேரே இல்லயேம்மா" என்று கத்தினேன்.

ரொட்டி சட்டியிலேயே கருகியது.

ஜூலை 21, திங்கள்

சாப்பாட்டுப் பெட்டியில் இன்று ஒரு முட்டை அதிகம். கோபம் இன்னும் கூடியது.

ஜூலை 27, ஞாயிறு

ரஜனி டீச்சர் பள்ளக் காணியை ஏற்றுக்கொள்ளப் போகிறார் என்று கேள்விப்பட்டு நேற்று அவர் வீட்டுக்கே போயிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பிக்க வந்து, இங்கேயே ஓய்வுபெற்றுத் தங்கிவிட்டவர். நல்லவர். அதனாலேயே அவர்மேல் கோபம் அதிகம்.

"கிடைக்கிறதை முதல்ல எடுப்பம், பிள்ளை. விட்டா அதுவும் இல்லாமல் போயிடும். கந்தோருகளோட மாரடிச்ச ஆள் நான்."

எடுங்கள், ஆனால் ஒருமுறை இறங்கிப் பார்த்துவிட்டு எடுங்கள் என்றேன்.

இன்று போனோம். டீச்சர், இராமையா மாமா, நான். கூப்பிடாமலே அம்மாவும் குடையை எடுத்துக்கொண்டு வந்தாள். பஜாரிலிருந்து மண்படிகள், மழையில் பாதி கரைந்து போயிருந்தன. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினோம். கீழே போய்ச் சேர்ந்தபோது காலில் ஆளுக்கு நாலைந்து அட்டை. காணிக்கு ஒரு பக்கம் ஆறு. மறுபக்கம் வேலிகூட இல்லாமல் மயானம்.

இராமையா மாமா இடுப்பில் கைவைத்துச் சுற்றிப் பார்த்தார். "நல்ல எடம்தான் டீச்சர். தூக்குறவங்களுக்கு அலைச்சல் இல்ல. காலையில இங்க, சாயந்தரம் அங்க."

டீச்சர் சிரிக்கவில்லை.

ஏறும்போது அம்மா பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், வலியை யாரும் பார்க்கக்கூடாது என்பதுபோல் முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு. டீச்சர் குடையை அவள்மேல் பிடித்தபடி நின்றார்.

"கூட்டத்துக்கு நான் வரேல்லை. ஏன் அக்கா அண்டைக்கு இதுக்குச் சம்மதிச்சனீங்கள்?"

"நாங்க சம்மதிக்கலீங்க டீச்சர்" என்றாள் அம்மா. "தொர வந்தாரு."

மேலே வந்து செருப்பைக் கழுவும்போது, டீச்சர் தான் கையெழுத்து வைக்கப் போவதில்லை என்று சொன்னார்.

ஓகஸ்ட் 6, புதன்

சங்கம் பள்ளக் காணியை ஏற்காவிட்டால் மேட்டுக் காணியை விடுவிக்க முடியாதாம். இதுவும் விதி. அதனால் வயசாளிகளிடமே மறுபடி சம்மதம் கேட்கக் கூட்டம். தலைவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார்.

உட்காரச் சொல்லவில்லை. தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார்.

"சர்மிளாப் புள்ள, நெறைய வாசிக்கிற போல."

கோப்பையை மேசையில் வைத்தார்.

"டயகமவுல ஒரு வாசிகசாலை ஆளில்லாம பூட்டிக் கெடக்காம். அமைதியான எடம். வாசிக்கிற புள்ளைக்குத் தோதா இருக்கும்."

தலையைக் குனிந்தபடி வெளியே வந்தேன். பயத்தால் என்று அவர் நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும். எங்கள் வோட்டில் நாற்காலி. எங்கள் காணியில் கார்கள். எங்கள் வயசாளிகளுக்கு மயானத்து எல்லை. இதில் எதையும் அவர் முகத்துக்கு நேரே சொல்லவில்லை நான். நின்றுகொண்டே கேட்டுவிட்டு வந்தேன். அம்மாவைக் கேள்வி கேட்ட நான்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

கோயில் மண்டபத்தில் உட்காரப் பழக்கினேன். சிரிப்பாகத்தான் இருக்கிறது எழுத; ஆனால் அதுதான் செய்தேன். வாங்குப் பலகைகளில் எல்லாரையும் இருத்தி, இராமையா மாமாவைத் துரையாக உள்ளே வரச் சொன்னேன். மாமா காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, குடையைத் தடிபோல் சுழற்றிக்கொண்டு, "என்னா, வேலைக்குப் போறதில்லையா" என்று துரைத் தமிழில் அதட்டிக்கொண்டு வந்தார்.

மாமா என்று தெரிந்தும் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மறுபடி வந்தார், மறுபடி எழுந்தார்கள். கடைசியில் வாங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அது வேலை செய்தது.

அம்மா மட்டும் சேரவில்லை. வாசலில் நின்று பார்த்துவிட்டு, "வயசான காலத்துல மரியாத இல்லாம இருக்கப் படிச்சுக் குடுக்கிற" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஓகஸ்ட் 13, புதன்

மரியாதை என்கிறாள். திரும்பிக் கிடைக்காத மரியாதைக்கு வேறு பெயர் இருக்கிறது என்று சொல்லப்போய், சொல்லாமல் விட்டேன். பெயர் வைப்பது சுலபம். நான் ஒருநாளும் பெரட்டில் நின்றதில்லை. நிற்காமல் இருப்பதற்காகத்தான் அவள் நின்றாள்.

ஆனாலும் கோபம் போகவில்லை.

ஓகஸ்ட் 16, சனி

கூட்டம்.

துரை இந்தமுறை முன்கூட்டியே வந்து முன்வரிசையில் அமர்ந்திருந்தார். வயசாளிகள் வெளியே நின்று வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். எல்லார் கையும் வாங்கில். அம்மா கடைசி வரிசை ஓரத்தில், குடையோடு.

வாசிக்க வேண்டிய கடதாசியைச் செயலாளர் அந்த நிமிடத்தில்தான் தந்தார். பார்த்தேன். மாற்றியிருந்தார்கள்.

ஆட்சேபம் உள்ளவர்கள் எழும்புங்கள்.

என்ன செய்வது? நான் உட்காரப் பழக்கியிருக்கிறேன். நானே பழக்கியிருக்கிறேன்! பழையதையே வாசித்துவிடலாமா என்று ஒரு நினைப்பு ஓடியது. தலைவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இருந்ததை இருந்தபடியே வாசித்தேன், நிறுத்தி நிறுத்தி, இரண்டுதரம்.

ஒருவரும் எழவில்லை. இராமையா மாமா வாங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சரியாகச் செய்கிறேனா என்பதுபோல் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். தலைவர் வாயைத் திறந்தார்.

பின்னால் குடை தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது.

அம்மா எழுந்துகொண்டிருந்தாள். அவளுக்கு அது சட்டென்று முடிகிற காரியமில்லை. ஒரு கை குடையில், ஒரு கை முன் வாங்கின் முதுகில். பாதியில் நின்று மூச்சு வாங்கி, மறுபடி. துரை திரும்பிப் பார்த்தார். அவர் உட்கார்ந்திருந்தார், அம்மா நின்றாள்.

"எனக்குச் சம்மதமில்லீங்க" என்றாள். அவரைப் பார்த்துத்தான் சொன்னாள், தலைவரை அல்ல. "அந்தப் பள்ளத்துல எறங்கி ஏற எங்களால ஏலாதுங்க. மேட்டுக் காணிதான் வேணும்."

"அட, எந்திரிக்கணுமா?" என்றார் இராமையா மாமா, கொஞ்சம் சத்தமாகவே. அவர் எழுந்தார். பிறகு ஒவ்வொருவராக, வாங்குகள் கிரீச்சிட, மண்டபம் முழுக்க.

செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் துரையைப் பார்த்தார். துரை தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரஜனி டீச்சர் எழுந்து, எழுதிக்கொள்ளுங்கள் என்று சிங்களத்தில் சொன்னார், வகுப்பில் சொல்வதுபோல.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். எப்படித் தோன்றியது என்று கேட்டேன்.

"நீதான ரெண்டு தடவ வாசிச்ச."

"மத்தவங்களும்தானேம்மா கேட்டாங்க."

"அவங்கள நீ ஒக்காரப் பழக்கிட்ட" என்றாள். "எனக்கு எந்திரிக்க மட்டுந்தான் தெரியும். எதுக்குன்னு பாத்துக்கிட்டேன்."

செப்டெம்பர் 1, திங்கள்

டயகமவுக்கு மாற்றம். 'சேவைத் தேவை கருதி' என்று போட்டிருக்கிறார்கள். எவ்வளவு கண்ணியமான தமிழ்! யார் எழுதிக் கொடுத்தார்களோ. இந்தமுறை என்னைக் கேட்கவில்லை.

அம்மாவைத் தனியே விட்டுப் போகவேண்டும் என்பது அந்த ஆளுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்திருக்கிறான். ஆமாம், செய்திருக்கிறான். இங்கேயாவது அப்படி எழுதுகிறேன்.

செப்டெம்பர் 24, புதன்

மேட்டுக் காணிக்குக் குத்தகை உடன்படிக்கை கையெழுத்தானது. டீச்சர் போனில் கூப்பிட்டுச் சொன்னார்.

ஒக்டோபர் 26, ஞாயிறு, டயகம

இங்கே குளிர் அதிகம். பூட்டிக் கிடந்த வாசிகசாலையைத் திறந்து தூசு தட்டி முடித்தாயிற்று. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரத் தொடங்கியிருக்கிறார்கள். அதற்காக அவரை மன்னித்துவிட்டேன் என்றில்லை.

சாயந்தரம் அம்மா போனில் கூப்பிட்டாள். மேட்டில் இப்போதைக்குத் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார்களாம். காலையிலேயே பஸ்ஸில் போய்விடுகிறாள். பஸ்ஸைவிட்டு இறங்கினால் எதிரே, ஏறவேண்டியதில்லை என்று எனக்கே விளக்கினாள். தாதி வந்ததையும், தேத்தண்ணிக்குச் சீனி போதாததையும் சொல்லிவிட்டு, வைக்கப்போகும் நேரத்தில் சொன்னாள்:

"தொர ஜீப்பு அந்தப் பக்கமா போச்சுடி. ராமையாண்ணன் எந்திரிச்சாரு."

"நீ?"

"நான் தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தேன்."