உன் பேர் போட்ட தூக்கு

பரணில் இருந்ததையெல்லாம் இன்று கீழே இறக்கினேன். நாளை வீடு மாறுகிறோம். மகன் திருவள்ளூரில் ஸ்டேஷன் பக்கமாக ஒரு வீடு பார்த்திருக்கிறான். ஓட்டை வாளி, பிடி உடைந்த குக்கர், கம்பெனியில் ஆயுதபூஜைக்குக் கொடுத்த டிபன் பாக்ஸ்கள் என்று வந்துகொண்டே இருந்தன. இதையெல்லாம் எதற்குச் சேர்த்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தபோது, பழைய போர்வைக்குள்ளிருந்து உன் எவர்சில்வர் தூக்கு உருண்டு வந்தது. கண்ணில் படவேண்டாம் என்று நான்தான் அப்படிச் சுற்றி வைத்திருந்தேன். அடியில் புள்ளி புள்ளியாக வெட்டிய உன் பேர். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் இந்த லைன் வீட்டில் உனக்கும் எனக்கும் நடுவே ஒரே சுவர். உன் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் ஒரே இரும்புக் கம்பெனி. கொடியில் காயும் துணியிலெல்லாம் கரி படியும். அந்தக் கரியைச் சேர்ந்து திட்டித்தான் நாம் சிநேகிதமானோம். குழம்பு இறக்கியதும் நீ கரண்டியால் சுவரில் தட்டுவாய். நான் வாசலுக்கு வருவதற்குள் தூக்கு வந்துவிடும். பழவேற்காட்டு இறால், நெத்திலி, கிறிஸ்துமஸ் என்றால் பிரியாணி. என் பக்கமிருந்து பொங்கலும் சுண்டலும் வரும்.

வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பது எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். நீ அதைச் சட்டமாகவே வைத்திருந்தாய்.

"வெறுந் தூக்க எட்த்துக்கினு வராதடி. ஒண்ணும் இல்லன்னா நாலு வெங்காயமாச்சும் போட்டுக்கினு வா."

ஒரு மாசக் கடைசியில் வெங்காயமும் இல்லை. பின்னால் இருக்கும் மரத்தில் ஒரு பிடி கறிவேப்பிலை பறித்துப் போட்டு அனுப்பினேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்டாய்: "இன்னாடி, கறிவேப்பில வந்துட்ச்சி. கொழம்பு எப்ப வரும்?" லைன் முழுக்கக் கேட்டது. ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கடைசியாக வந்தது நெத்திலிக் குழம்பு. அந்த வாரமே உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நீ வந்ததும் உனக்குப் பிடித்த அதிரசம் சுட்டுத் தரலாம் என்று தூக்கைத் துலக்கிக் கவிழ்த்து வைத்தேன். நீ வரவில்லை. வெறும் தூக்கோடு உன் வாசலில் போய் நிற்க எனக்கு மனசு வரவில்லை. அதில் எதைப் போடுவது என்றும் தெரியவில்லை. இத்தனை வருஷம் ஆகியும் சில நாள் அடுப்படியில் நின்றால் காது தானாகச் சுவர்ப்பக்கம் போகிறது.

சாயங்காலம் சாமான் கட்ட உன் மகள் வந்தாள். ஷிப்ட் முடிந்த களைப்பிலும் உன்னைப் போலவே வந்ததும் வராததுமாக என்னை அதட்டினாள். நாளைக்கு நான் போய்விட்டால் அப்புறம் எப்போதோ என்று தூக்கை அவளிடம் நீட்டினேன்.

"உங்கம்மாதுடி. உன்கிட்டதான் இருக்கணும்."

நீட்டினேனே தவிர, விரல் பிடியை விடவில்லை. அவள் உன் பேரைத் தடவிப் பார்த்தாள். பிறகு என் பக்கமே தள்ளினாள்.

"நீயே வச்சுக்கோ பெரீம்மா. உன் பேர் போட்ட கிண்ணம் எங்க ஊட்ல கீது. அம்மா போனப்புறம் நானும் தர்ல. தந்துட்டா, அப்பால உங்க ஊட்டுக்கு நான் இன்னா சாக்கு சொல்லிக்கினு வர்றது?"

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். உனக்காக அன்றைக்கு அழாததையும் சேர்த்து அழுதேன்.

எல்லாவற்றையும் மூட்டை கட்டியாயிற்று. தூக்கை மட்டும் கட்டவில்லை. நாளை மடியில் வைத்துக்கொண்டு போவேன். அது வெறுமனே வரவில்லை. நம் மரத்தில் ஒரு பிடி கறிவேப்பிலை பறித்துப் போட்டிருக்கிறேன். குழம்பு எப்ப வரும் என்று கேட்கத்தான் நீ இல்லை.