பஞ்சம்மாளுக்கு அடித்த மணி

ஜனவரி 17, 2024. புதன்

காமயகவுண்டன்பட்டி சபைக்கு வந்து ஏழு மாதம். கம்பத்திலிருந்து வரும்போது டவுன் பஸ்ஸில் பக்கத்து இருக்கை அம்மா என் வெள்ளைக் கழுத்துப்பட்டையைப் பார்த்துவிட்டு, "ஐயரு வரலையா தாயீ?" என்றார். இந்தச் சபைக்கு ஆயர், நீங்கள் சொல்லும் ஐயர், நான்தான் என்றேன். சிரித்தார். நானும் சிரித்தேன். நாற்பத்தொன்பது வயது, இருபது வருட ஊழியம். இன்னும் வேறு பதில் கைவசம் இல்லை.

பிப்ரவரி 4, ஞாயிறு

திருவிருந்து ஞாயிறு, அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும் நாள். ராக்கப்பன் ஐயா இன்றும் வரவில்லை. சபைச் செயலாளர், திராட்சைத் தோட்டக்காரர். மற்ற ஞாயிறுகளில் முதல் ஆளாக வந்து ஜன்னல்களைத் திறப்பவர். திருவிருந்து அன்று மட்டும் பஸ் ஏறித் தேனிக் கோயிலுக்குப் போய்விடுகிறார். அங்கே ஆண் ஆயர்.

சாயங்காலம் மகள் பவானியோடு திராட்சை கொண்டுவந்தார். திருவிருந்துக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டே விட்டேன்.

"உங்க பிரசங்கத்தைக் கேக்காம இருக்க மாட்டேன், ஆயரம்மா. படிச்சவுக. ஆனா அப்பத்தையும் ரசத்தையும் பொம்பள கையில வாங்க மனசு ஒப்பல. ஒப்புனாப்புல நடிச்சு முன்னால வந்து நிக்கவா?"

அரை மணி நேரம் வாதாடினேன். அவர் மரியாதையாகக் கேட்டார், மசியவில்லை. பவானி சுவரோரம் தலை குனிந்து நின்றாள்.

உண்மையைச் சொல்பவரிடம் எப்படிக் கோபப்படுவது? ஆனால் கோபம் இருக்கிறது. எழுதி வைக்கிறேன் — இருக்கிறது.

மார்ச் 12, செவ்வாய்

நான் பதினோரு வருடம் எபிரெய வேதாகமம் கற்பித்த இறையியல் கல்லூரியிலிருந்து கடிதம். முதல்வர் பொறுப்பு. அங்கே இதுவரை பெண் முதல்வர் கிடையாது. ஜூனுக்குள் பதில் வேண்டுமாம். இரண்டு தடவை உட்கார்ந்து படித்தேன், மூன்றாவது தடவை நின்றுகொண்டு.

போய்விடலாம். அங்கே யாரும் என் கையைப் பார்த்து பஸ் ஏற மாட்டார்கள்.

மார்ச் 13

பதில் எழுத உட்கார்ந்தேன். கரண்ட் இல்லை. நாளைக்கு.

ஏப்ரல் 23, செவ்வாய்

பவானி போய்விட்டாள். தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். இருபத்தாறு வயது. காரணம் என்று ஊர் நாலு சொல்கிறது. எனக்கு ஒன்றும் தெரியாது.

அன்றைக்கு என் முன்னாலதானே நின்னா? நான் அவ அப்பாகிட்ட சண்டை போட்டுக்கிட்டிருந்தேன். அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டேனா? கேக்கலையே. என்ன ஆயர் நான்.

வீட்டுக்குப் போனபோது ராக்கப்பன் ஐயா எழுந்து வந்தார். கண்ணில் ஈரமே இல்லை.

"சாவு மணி அடிக்க வேண்டாம். கோயிலுக்குள்ள கொண்டு வர வேண்டாம். கல்லறைத் தோட்டத்துக்கு வெளிய வச்சிருங்க. நான் போட்ட சட்டம், ஆயரம்மா."

அவர் மனைவி அக்கம்மாள் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் பஞ்சம்மாள் என்ற பெண்ணும் இப்படித்தான் இறந்திருக்கிறாள். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர் செல்லப்பாண்டியின் மனைவி. மணி இல்லை, ஜெபம் இல்லை, வாய்க்கால் ஓரம் புதைத்தார்கள். முடிவு செய்தவர் ராக்கப்பன் ஐயா. செல்லப்பாண்டி அன்றோடு கோயிலை விட்டவர்.

"பவானிக்கு மணி அடிக்கும் ஐயா" என்றேன்.

ஏப்ரல் 24, புதன்

காலை ஏழு மணிக்கு செல்லப்பாண்டி வந்தார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"மணி அடிக்கப் போறீகளாமே. அடிங்க. அந்தப் பிள்ள என்ன பாவம் செஞ்சுச்சு? ஆனா ஒண்ணு கேக்கணும். எம் பொஞ்சாதிக்கு ஒரு நியாயம், செயலாளர் மகளுக்கு ஒரு நியாயமா?"

எபிரெயப் பெண்களின் ஒப்பாரியைப் பற்றி முன்னூறு பக்கம் ஆய்வேடு எழுதியவள் நான். அந்தப் படிப்பை வைத்துவிட்டு வாசற்படி இறங்கினேன். பிறகு கேட்டேன்: "பஞ்சம்மாளை எங்கன வச்சிருக்கு? காட்டுங்க."

பத்து மணிக்கு ராக்கப்பன் ஐயா வீட்டில் சொன்னேன். முதலில் பஞ்சம்மாளுக்கு, பிறகு பவானிக்கு. இருவருக்கும் அதே மணி, அதே ஆராதனை. சம்மதம் கேட்கவில்லை. அங்கிருந்த சபைக் கமிட்டிக்காரர்கள் மூன்று பேர் எழுந்து, பேராயருக்கு எழுதுவோம் என்றார்கள். எழுதுங்கள் என்றேன்.

மணி அடித்தது.

வாய்க்கால் ஓரம் செல்லப்பாண்டி முள்ளை வெட்டி வழி செய்திருந்தார். மண்மேடு கரைந்து ஒரு கல் மட்டும்தான் மிச்சம். "நம் சகோதரி பஞ்சம்மாள்" என்று தொடங்கினேன். ஜெபப் புத்தகத்தில் அடுத்த வரியைத் தேடினேன். அந்த இடைவெளியில் பெண்கள் ஒப்பாரி எடுத்தார்கள். கோயில் காரியத்தில் ஒப்பாரி கூடாது என்பது இங்கே இன்னொரு சட்டம். யாரும் தடுக்கவில்லை. பதினோரு வருடம் பாடம் நடத்தினேன். இன்றுதான் காது கொடுத்துக் கேட்டேன்.

ராக்கப்பன் ஐயா செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கல்லருகே வந்தார். "செல்லப்பாண்டி" என்றார். செல்லப்பாண்டி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பவானியின் சவப்பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கியபோது முன்வரிசையில் அவர் தோளும் இருந்தது.

மே 30, வியாழன்

பேராயர் அலுவலகத்தில் விசாரணை. எந்த இறையியல் அடிப்படையில் செய்தீர்கள் என்றார்கள். விளக்கினேன். பாதியில் ராக்கப்பன் ஐயா, யாரும் அழைக்காமலே உள்ளே வந்தார்.

"நான் போட்ட சட்டம் தப்பு. ஆயரம்மா செஞ்சதுதான் சரி. அவுக கையில திருவிருந்து வாங்க எனக்கு இன்னமும் ஒப்பல, அது வேற."

பேராயரே சிரித்துவிட்டார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். இடமாற்றம் இல்லை.

ஜூன் 3, திங்கள்

கல்லூரிக்கு, வரவில்லை என்று எழுதிவிட்டேன். காரணத்தை ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். "இங்கே வேலை இருக்கிறது" என்ற ஒரு வரி போதும். தபாலில் சேர்த்துவிட்டு வந்து வருத்தப்பட்டேன். ரொம்ப.

பிப்ரவரி 8, 2025. சனி

காலையில் தேவதானப்பட்டியிலிருந்து ராக்கப்பன் ஐயாவின் போன். அங்கே அவர் சொந்தக்காரர் வீட்டில், கட்டிக்கொடுத்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். பவானி போலவே தன் உயிரை முடித்துக்கொண்டாளாம்.

"இங்கன உள்ள ஆயர் மணி அடிக்க யோசிக்கிறாக. நீங்க வாறீகளா? செல்லப்பாண்டி ஜீப்பு எடுத்துட்டு வாறேன்னுட்டான்."

இருவரும் எப்போதிலிருந்து பேசிக்கொள்கிறார்கள்? கேட்கவில்லை. வருகிறேன் என்றேன்.

"பெத்தவுக ரெண்டு பேரும் கதவைச் சாத்திக்கிட்டாக. நான் வெளிய உக்காந்திருக்கேன். என்ன சொல்லுறதுன்னு தெரியல, ஆயரம்மா."

எனக்கும் தெரியவில்லை என்றேன்.

பிறகு, போனை வைக்க மறந்து, மூடிய கதவிடம் அவர் பேசத் தொடங்கியது எனக்குக் கேட்டது.

"எனக்கும் ஒரு மக இருந்தாய்யா. பவானின்னு பேரு..."