கிளிப்புத் தடம் பார்த்த டீச்சருக்கு

டீச்சர்,

இன்று காலை வேட்டிக்குப் போட்ட கஞ்சி கொஞ்சம் கெட்டியாகிவிட்டது. இஸ்திரிப் பெட்டியை வைத்ததும் சோறு அடிப்பிடித்த மாதிரி வாசம் கிளம்பியது. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் இல்லாமல் போய் ஒரு மாதம் ஆகிறது.

பல வருஷத்துக்கு முந்தின அந்த ஞாயிற்றுக்கிழமையும் இதே வாசம்தான். என் மகள் தேனியில் உங்களிடம் தையல் படித்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே ஒரு தடவை பரீட்சையில் கோட்டை விட்டவள். "இந்தத் தடவையும் பாஸாகலைன்னா மாப்பிள்ளை பார்த்திருவேன்" என்று வீட்டில் சத்தம் போட்டது நான்தான். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவனுக்கு அடுத்தவர் பரீட்சை என்றால் வீரம் வந்துவிடும்.

மறுநாள் பரீட்சையில் தொட்டில் பிள்ளைக்கு ஒரு துண்டுத்துணிப் போர்வை தைக்க வேண்டும். துணிக்கு லேசாகக் கஞ்சி போட்டு, சதுரமும் முக்கோணமுமாக வெட்டி அடுக்கிவிட்டு, மளிகைக் கடைக்குப் போயிருந்தாள். தொட்டுப் பார்த்தேன். என் வேட்டி விறைப்புக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. உத்தமபாளையத்தில் என் வேட்டி மாதிரி மொடமொடப்பு யாருக்கு உண்டு? சோத்துக்கஞ்சியில் அத்தனை துண்டையும் முக்கி, முறுக்கிப் பிழிந்து, கொடியில் போட்டேன். கிளிப் பத்தாமல் பக்கத்து வீட்டிலும் வாங்கினேன்.

திரும்பி வந்தவள் கொடியைப் பார்த்தாள். "வெட்டுறதுக்கு முன்னாலதான் கஞ்சிப்பா. வெட்டின முக்கோணத்தைப் பிழிஞ்சா கோணிக்கிரும்." அப்புறம் மெதுவாக, "வேணும்னே செஞ்சீகளா?" என்றாள்.

துண்டுகளைப் பையில் போட்டு, உங்களிடமே கேட்கலாம் என்று கிளம்பினோம். தேனி வரைக்கும் பஸ்ஸில் அவள் ஜன்னலைப் பார்த்தே வந்தாள். துணிப்பை எங்களுக்கு நடுவில் இருந்தது.

நீங்கள் அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்து, சேலைகூட மாற்றவில்லை. ஒவ்வொரு துண்டாக அளவு அட்டைமேல் வைத்தீர்கள். ஒன்றுகூடச் சேரவில்லை.

"யாரு பார்த்த வேலை இது?"

"நான்தான் டீச்சர்."

"வேட்டி துவைக்கிற மாதிரியில்ல பிழிஞ்சிருக்கீக!"

"எனக்குக் கல்யாணம் பண்ணணும்ல டீச்சர், அதான்" என்றாள் மகள். என்னைப் பார்க்கவில்லை.

நீங்கள் ஒரு துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தீர்கள். அப்புறம் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

"இங்கன பாரு. எல்லாத்துலயும் ஒரே மூலையில கிளிப்புத் தடம். ஒரு கலரு இன்னொண்ணுல ஒட்டல, பிரிச்சுப் பிரிச்சுக் காயப்போட்டிருக்காக உங்கப்பா. கெடுக்க நினைக்கிற ஆளு இம்புட்டு மெனக்கெட மாட்டாக. இது தெரியாம பண்ணின கூத்துடி."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்து அதுதான் முதல் தடவை.

துண்டுகளை அலசி என் கஞ்சியைப் போக்கினோம். அட்டைக்குச் சரியாகக் கையால் நீவி, தண்ணிக் கஞ்சியைத் தெளித்து, அரை ஈரத்தில் பெட்டி வைத்தேன். "தேய்ச்சு இழுக்காதீக அண்ணே, வச்சு வச்சு எடுங்க" என்றீர்கள். கோணியிருந்த ஓரங்களை நீங்களும் அவளுமாக நறுக்கினீர்கள். முடித்துக் கூட்டிப் பார்த்தால் போர்வை சுற்றிலும் நாலு விரல் குறைந்தது. அளவு குறைந்தால் பெயில். ஞாயிற்றுக்கிழமை, துணிக்கடை திறந்திருக்காது.

உங்கள் கண் என் இடுப்பில் வந்து நின்றது.

"வேட்டி நல்ல விறைப்பா இருக்கே அண்ணே."

"ஐயோ டீச்சர், மாத்து இல்லையே!"

மகள் சிரித்துவிட்டாள். உங்கள் வீட்டுக்காரர் கைலி ஒன்றைக் கட்டிக்கொண்டு நின்றேன். வேட்டியின் கரைப் பக்கம் நீளநீளமாகக் கிழிந்து, போர்வையைச் சுற்றும் வெள்ளைப் பட்டைக்கு ஆனது.

மறுநாள் பரீட்சைக்கு வந்தவர் டேப்பை இரண்டு தடவை வைத்துப் பார்த்தாராம். சரியாக இருந்ததாம். மகள் இப்போது பஜாரில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறாள். கல்யாணம் அவள் சொன்ன வருஷத்தில்தான் நடந்தது. "வேணும்னே செஞ்சீகளா" என்று அப்புறம் அவள் என்னிடம் எதற்கும் கேட்டதில்லை.

அந்த வேட்டியைக் கட்டினால் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேதான் நிற்கும். வெளியே கட்டிக்கொண்டு போக முடியாது. ஆனாலும் கஞ்சி போட்டு மடித்து வைத்திருக்கிறேன். இன்று காலை எடுத்ததும் அதைத்தான்.

இழுக்கவில்லை டீச்சர். வச்சு வச்சுத்தான் எடுத்தேன்.